கர்ப்பகால மகனீசியமும் குறைமாதப் பிரசவமும்: வன்னி வீடுகளுக்கு ஒரு கையேடு

இராத்திரியில் கெண்டைக்கால் குறண்டிப் பிடிக்கிறது, நாரி உளைகிறது, ஏழாம் மாதத்திலேயே வயிறு இடைக்கிடை கல்லுப்போல் இறுகுகிறது. இதைச் சொன்னால் பக்கத்து வீட்டிலிருந்தும் கைபேசியிலிருந்தும் வருகிற பதில் இப்போது ஒன்றுதான்: "மகனீசியம் குறைஞ்சிருக்கும், குளிசை வாங்கிப் போடு." மகனீசியம் என்பது சாப்பாட்டிலிருந்து நாங்கள் பெறுகிற ஒரு தாதுச்சத்து.

அந்தப் பதிலில் பாதி சரி. கர்ப்பிணிக்கு மகனீசியம் வேண்டும், அது மிகக் குறைந்தால் தசைகள் இறுகும். மற்றப் பாதி ஆபத்தானது. குளிசையைப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தால் நாளுக்கு முந்திய பிரசவ நோ அடங்கிவிடும் என்று நம்பி, வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நேரத்தைக் கைவிடுவது அது. மகனீசியத்தைச் சாப்பாட்டில் எடுங்கள், குளிசையை வைத்தியர் சொன்னால் மட்டும் எடுங்கள், நோ என்றால் வாகனம் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் எப்படிச் செய்வது என்று கீழே விரிவாகப் பார்ப்போம்.

கர்ப்பப்பைக்கும் மகனீசியத்துக்கும் என்ன தொடர்பு

தசை சுருங்கக் கல்சியம் தேவை. கல்சியம் தசைக் கலத்துக்குள் புகுந்தால் தசை இறுகும். மகனீசியம் அந்த வாசலில் கல்சியத்தோடு போட்டிக்கு நின்று, உள்ளே போகிற அளவை மட்டுப்படுத்தும். கர்ப்பப்பையும் தசையாலான பைதான். அதனால் மகனீசியம் குறைந்த உடம்பில் அது சுலபமாக இறுகக்கூடும் என்பது நியாயமான எண்ணம்.

இதை நம்பிப் பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு மகனீசியக் குளிசை கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியான 10 ஆய்வுகளை, அவற்றில் பங்கெடுத்த 9000க்கு மேற்பட்ட பெண்களின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 2014இல் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குளிசை கொடுத்தால் நன்மை உண்டு என்று சொல்லத் தரமான ஆதாரம் போதாது என்பதே முடிவு.

ஏன் அப்படி? வளர்ந்த ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 25 கிராம் மகனீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில். இரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரத்தத்தில் அளவு இறங்கப் பார்த்தால் எலும்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், சிறுநீரகம் சலத்தோடு போகவிடாமல் பிடித்துவைக்கும். அளவு கூடினால் அதே சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். ஒழுங்காகச் சாப்பிடுகிற பெண் மேலதிகமாக விழுங்குகிற குளிசை கர்ப்பப்பையில் போய்ச் சேமிப்பாக நிற்பதில்லை.

இரத்தப் பரிசோதனையில் தெரியுமா என்று பலர் கேட்பார்கள். இரத்தத்தில் வழமையான அளவு ஒரு லீற்றருக்கு 0.75 முதல் 0.95 மில்லிமோல் வரை. கர்ப்பத்தில் இரத்தம் நீர்த்துப்போவதால் இந்த எண் இயல்பாகவே சற்று இறங்கும். எலும்பிலும் தசையிலும் உள்ள இருப்பை அது சரியாகக் காட்டவும் மாட்டாது. அதனால்தான் கிளினிக்கில் எல்லோருக்கும் இதைப் பார்ப்பதில்லை. "எனக்கு ஏன் பார்க்கவில்லை" என்று கவலைப்பட வேண்டாம்.

உண்மையிலேயே குறைய வாய்ப்புள்ளவர்கள் யார் என்று தெரிந்திருப்பது பயனுள்ளது. மசக்கை கடுமையாகி வாரக்கணக்கில் சத்தி எடுத்தவர்கள், வயிற்றோட்டம் நீண்டுபோனவர்கள், கட்டுப்பாட்டுக்கு வராத நீரிழிவு உள்ளவர்கள், நெஞ்செரிவுக்கு ஒமிப்பிரசோல் போன்ற குளிசையை மாதக்கணக்கில் போடுகிறவர்கள், சலம் போவதற்கான குளிசை எடுப்பவர்கள், பாணும் தேத்தண்ணியுமாக நாளைக் கடத்துகிறவர்கள். இவர்களுக்குச் சாப்பாட்டில் மனமில்லாமை, சோர்வு, கை கால் விறைப்பு, தசை துடிப்பு, குறண்டல் இருந்தால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். இந்த அறிகுறிகள் சாதாரணக் கர்ப்பத்திலும் வரும் என்பதால் அறிகுறியை மட்டும் வைத்து நீங்களே முடிவெடுக்க முடியாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு

அமெரிக்க அளவீட்டின்படி 19 முதல் 30 வயது வரையான கர்ப்பிணிக்கு நாளுக்கு 350 மில்லிகிராம், 31க்கு மேல் 360, 18 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கு 400. கர்ப்பம் இல்லாத காலத்தை விட இது ஏறக்குறைய 40 மில்லிகிராம்தான் கூட. ஒரு பிடி கச்சானில் அதற்கு மேலேயே இருக்கிறது.

எங்கள் மண்ணில் விளைகிறவற்றில் எதில் எவ்வளவு என்பது அண்ணளவாக இப்படி. தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு ஒரு கப்பில் 80 மில்லிகிராம், நன்றாகத் தீட்டிய வெள்ளைச் சோறு ஒரு கப்பில் 20 மட்டும். அவித்த உளுந்து ஒரு கப் 110, பயறு 95, கௌபி 90, கொண்டைக்கடலை 80. குரக்கன் மா 50 கிராமில் 70. கச்சான் 30 கிராமில் 50. எள்ளு ஒரு மேசைக்கரண்டியில் 30. அவித்த முளைக்கீரை அரைக் கப்பில் 35. வாழைப்பழம் ஒன்றில் 30, மீன் 100 கிராமில் 25 முதல் 30, பால் ஒரு கப்பில் 25. மண்ணையும் இனத்தையும் பொறுத்து இவை கூடிக் குறையும்.

பூசணி விதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். உரித்த பருப்பு ஒரு மேசைக்கரண்டியில், அதாவது 10 கிராமில், ஏறக்குறைய 55 மில்லிகிராம். வன்னியில் பூசணி விளைகிற காலத்தில் விதை முழுவதும் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. காயை வெட்டும்போது விதையை நாரோடு ஒரு சட்டியில் போட்டு, கையால் பிசைந்து கழுவுங்கள். சுளகில் பரப்பி 2 நாள் வெயிலில் காயவிடுங்கள். அடிகனத்த தாச்சியில், எண்ணெய் விடாமல், மெல்லிய நெருப்பில் 8 முதல் 10 நிமிடம் கிளறி வறுத்தால் விதை உப்பி ஒன்றிரண்டு வெடிக்கும். அந்த நேரத்தில் இறக்க வேண்டும். கறுக்க விட்டால் கசக்கும். ஈரம் போகாமல் போத்தலில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதைச் சாப்பிடவே கூடாது. கச்சானுக்கும் அதே விதிதான்: பூஞ்சணம் பட்ட, கசக்கிற கச்சானைத் துப்பிவிடுங்கள்.

இப்போது இரண்டு நாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். காலையில் பாண் 3 துண்டும் பருப்பும், மத்தியானம் வெள்ளைச் சோறு 2 கப்போடு மீன்குழம்பும் உருளைக்கிழங்கும், இரவில் நூடில்ஸ், இடையில் தேத்தண்ணி. வயிறு நிறையும், ஆனால் மகனீசியம் 200ஐ எட்டுவதே கடினம். மற்ற நாள்: காலையில் 50 கிராம் குரக்கன் மாவில் பிட்டு, அரைக் கப் அவித்த பயறு, ஒரு வாழைப்பழம். 11 மணிக்கு ஒரு பிடி கச்சான். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு ஒன்றரைக் கப், கீரை வறை அரைக் கப், மீன் ஒரு துண்டு. இந்தச் சாப்பாட்டோடு 370ஐத் தாண்டியாயிற்று, இரவுச் சாப்பாடு இன்னும் பாக்கி. செலவும் முதல் நாளை விட அதிகமில்லை. கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் எள்ளுருண்டை, பயத்தம் உருண்டை போன்ற சர்க்கரை சேர்ந்தவற்றைத் தவிர்த்து, எள்ளைச் சம்பலோடும் பயற்றை அவித்தும் எடுங்கள். சோறு, பிட்டு அளவைக் கிளினிக்கில் சொன்னபடி வையுங்கள்.

கிளினிக்கில் தருகிற திரிபோஷாவைப் பற்றி ஒரு வார்த்தை. சோளம், சோயா, பால்மா சேர்ந்த மா அது. தாய்க்கு ஒரு நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கில், 750 கிராம் பக்கற் 2 ஒரு மாதத்துக்குத் தருகிறார்கள். வீட்டிலுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் உருண்டை பிடித்தால் பக்கற் ஒரு கிழமையில் முடிந்துவிடும். அது தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் வந்த பங்கு. மாமிமார் இதை வீட்டில் சொல்லிப் பாதுகாத்தால் பெரிய உதவி.

சமைக்கும்போது எங்கே இழக்கிறோம்

முளைக்கீரையைத் தண்ணீர் நிறைய விட்டு, பழப்புளி கரைத்து ஊற்றி, நேரம்போக அவியவிட்டுப் பாருங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி, சாணிப் பச்சையாகிவிடும். இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கிற பொருளின் நட்டநடுவில் ஒரு மகனீசிய அணு இருக்கிறது. புளியின் அமிலமும் சூடும் சேர்ந்து அதை வெளியே தள்ளுவதால்தான் அந்த நிறமாற்றம். வெளியே வந்தது ஆவியாகிப் போவதில்லை, சட்டித் தண்ணீரில்தான் நிற்கிறது. அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றினால் அதையும் சேர்த்து ஊற்றுகிறோம்.

அதனால் கீரையை வறையாகச் செய்வதே நல்லது. 200 கிராம் கீரையை முழு இலையாகக் கழுவி, நீர் வடிந்த பிறகு வெட்டுங்கள். வெட்டிய பிறகு கழுவினால் சத்து அந்தத் தண்ணீரோடு போகும். சின்ன வெங்காயம் 5, பச்சைமிளகாய் 1, மஞ்சள் ஒரு சிட்டிகை, உப்பு அளவாகச் சேர்த்து, 2 மேசைக்கரண்டி தண்ணீர் மட்டும் தெளித்து 4 அல்லது 5 நிமிடம் மூடி வேகவிடுங்கள். தேங்காய்ப்பூ 3 மேசைக்கரண்டி தூவிக் கிளறி இறக்கி, ஆறின பிறகு தேசிக்காய் பிழியுங்கள். இறக்கின பிறகு பிழிந்தால் பச்சையும் நிற்கும், கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேரவும் தேசிப்புளி உதவும்.

சோற்றைக் கஞ்சி வடிக்கிறவர்கள் அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடியுங்கள், அல்லது தண்ணீர் அளவாக வைத்து வடிக்காமல் சமையுங்கள். உளுந்து, பயறு, கௌபியை இரவு முழுக்க, 8 மணித்தியாலம் ஊறவிட வேண்டும். தானியத் தோலில் உள்ள பைற்றிக் அமிலம் மகனீசியத்தையும் இரும்பையும் கட்டிப்பிடித்துக் குடலில் சேரவிடாது. ஊறுவதும் முளைகட்டுவதும் அதைக் குறைக்கும். முளைகட்டிய பயற்றைக் கர்ப்ப காலத்தில் பச்சையாகச் சாப்பிடாமல் அவித்துத்தான் சாப்பிட வேண்டும், பச்சை முளையில் கிருமி வளர இடமுண்டு.

குடிதண்ணீர்

வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த உப்புகள்தான் தண்ணீரைக் கடினமாக்குகின்றன. இப்போது பலர் ஆர்.ஓ. வடிகட்டித் தண்ணீரைப் போத்தலில் வாங்குகிறார்கள். அந்த வடிகட்டி கெட்ட உப்புகளோடு மகனீசியத்தையும் பெரும்பாலும் எடுத்துவிடும். உண்மைதான். ஆனாலும் அதற்காகக் கிணற்றுத் தண்ணீருக்குத் திரும்ப வேண்டாம். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் இருக்கிறது, தண்ணீரில் புளோரைட்டும் கூடிய இடங்கள் உண்டு. வடிகட்டியில் போகிற மகனீசியத்தை ஒரு பிடி கச்சானும் ஒரு கரண்டி எள்ளும் ஈடுசெய்யும். சிறுநீரகம் பழுதானால் ஈடுசெய்ய ஒன்றும் இல்லை.

சித்திரை முதல் ஆவணி வரையான வெயிலில் ஒரு நாளுக்கு 2½ முதல் 3 லீற்றர் தண்ணீர் வேண்டும். வயலிலும் தோட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலையிலும் நிற்கிற பெண்கள் மலசலகூட வசதியில்லை என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கிறார்கள், சலத்தை அடக்குகிறார்கள். குறைமாதப் பிரசவத்துக்குச் சலக்கிருமித் தொற்று அறியப்பட்ட ஒரு காரணம். மகனீசியத்தைப் பற்றிக் கவலைப்படுகிற வீடு, முதலில் இந்தப் பெண் வேலையிடத்தில் எங்கே சலம் கழிக்கிறாள் என்று கேட்க வேண்டும்.

குளிசை: யாருக்கு, எப்படி, யாருக்குக் கூடாது

வைத்தியர் எழுதித் தந்தால் எடுக்கலாம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். மகனீசியம் ஒக்சைட் 400 மில்லிகிராம் என்றால் அதில் உண்மையான மகனீசியம் 240 மில்லிகிராம் அளவுதான், மீதி ஒட்சிசன். சித்திரேற் வகையில் எடையில் 16 வீதம் அளவுதான் மகனீசியம். வைத்தியர் சொல்கிற அளவு பெரும்பாலும் உண்மையான மகனீசியத்தின் அளவு. குழப்பம் இருந்தால் பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்தாகவோ சத்துக் குளிசையாகவோ நாளுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் தானாக எடுக்கக் கூடாது. சாப்பாட்டில் வருவது இந்தக் கணக்கில் சேராது. அளவு கூடினால் முதலில் வருவது வயிற்றோட்டம், ஒக்சைட்டில் அது இன்னும் சுலபமாக வரும். வயிற்றோட்டம் வந்தால் இருக்கிற மகனீசியமும் போய்விடும்.

கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையோடு சேர்த்து விழுங்க வேண்டாம், 2 மணித்தியால இடைவெளி விடுங்கள். நெஞ்செரிவுக்குக் குடிக்கிற வெள்ளைப் பாணி மருந்துகள் பலவற்றில் மகனீசியம் இருக்கிறது. அவற்றுக்கும் அதே இடைவெளி. கல்சியத்தையும் இரும்பையும் வேறு வேறு நேரங்களில் போடுங்கள், இரும்பை விழுங்கி ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி குடிக்காதீர்கள். வைத்தியர் மகனீசியம் எழுதினால் காலைச் சாப்பாட்டோடு அதையும் படுக்கும்போது இரும்பையும் போட்டால் ஒன்றோடொன்று மோதாது.

சிறுநீரக நோய் உள்ளவர்கள், சலத்தில் புரதம் போகிறது என்று கிளினிக்கில் சொல்லப்பட்டவர்கள், வைத்தியரைக் கேட்காமல் ஒரு குளிசையும் தொடக்கூடாது. வெளியே தள்ளவேண்டிய சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் மகனீசியம் இரத்தத்தில் ஏறித் தசையையும் மூச்சையும் அமுக்கும். வயிறு கழுவ விற்கிற எப்சம் உப்பும் மகனீசியம் சல்பேற்றுத்தான். "வைத்தியசாலையில் ஊசியில் ஏற்றுகிற அதே மருந்து" என்று யாராவது சொன்னால் நம்பிக் குடித்துவிடாதீர்கள். கடும் வயிற்றோட்டத்தில் முடியும்.

கெண்டைக்கால் குறண்டலுக்குக் குளிசையை விட உடனே வேலை செய்வது இது: காலை நேராக நீட்டி, குதிகாலை முன்னே தள்ளி, விரல்களை முகம் பக்கமாக இழுத்து 30 செக்கன் பிடியுங்கள். விரலைக் கீழ்நோக்கி நீட்டினால் பிடிப்புக் கூடும். படுக்கப் போகமுன் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை 3 முறை இழுத்துவிட்டால் இராத்திரி வருவது குறையும். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாகி, தொட்டால் நோகிறது என்றால் அது குறண்டல் இல்லை. இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள், காலை உருவக் கூடாது.

நாளுக்கு முந்திய நோவை அறிவது

37 வாரம் முடியமுன் பிறந்தால் குறைமாதம். கிளினிக் கொப்பியில் எழுதிய பிரசவத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: 21 நாள் முந்தினால் 37 வாரம், 42 நாள் முந்தினால் 34, 56 நாள் முந்தினால் 32. மார்கழி 20ஆம் திகதி, அதாவது டிசம்பர் 20 என்று எழுதியிருந்தால், நவம்பர் 29, நவம்பர் 8, ஒக்டோபர் 25. மூன்றையும் நாட்காட்டியில் வட்டமிட்டு விடுங்கள். இந்த 34உம் 32உம் வைத்தியசாலையில் என்ன மருந்து என்று தீர்மானிக்கிற எல்லைகள்.

வயிறு இடைக்கிடை இறுகுவது ஏழாம் மாதத்தில் இயல்பு. அது ஒழுங்கில்லாமல் வரும், நோகாது, இருந்தால் எழும்பினால் அடங்கும். சந்தேகம் வந்தால் சலம் கழித்துவிட்டு வாருங்கள், நிறைந்த சலப்பையே வயிற்றை இறுக்கும். 2 கிளாஸ் தண்ணீர் குடித்து இடப்பக்கம் சரிந்து படுங்கள். மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்து, விரல் நுனிகளை வயிற்றின் மேற்பகுதியில் மெதுவாக ஊன்றிக்கொள்ளுங்கள். இறுகும்போது நெற்றியைத் தொட்டது போலவும், தளரும்போது கன்னத்தைத் தொட்டது போலவும் இருக்கும். ஒவ்வொரு இறுக்கமும் தொடங்கிய நேரத்தை எழுதுங்கள். ஒரு மணித்தியாலத்தில் 6 அல்லது அதற்கு மேல், அதாவது 10 நிமிடத்துக்கு ஒன்று என்று வந்தால் நோ தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.

ஒரு மணித்தியாலம் எண்ணிக்கொண்டிராமல் உடனே போகவேண்டியவை: இரத்தம் கசிதல், பன்னீர்க்குடம் உடைந்து நீர் வருதல் (சலமா நீரா என்று சந்தேகமாக இருந்தாலும்), பிள்ளை துடிப்புக் குறைதல், காய்ச்சலோடு வயிற்று நோ, கடும் தலையிடி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், வலிப்பு. மாதவிடாய் நோப்போல அடிவயிறு இழுப்பதும், நாரி நோ வந்து வந்து போவதும், கீழே பாரமாக அமுக்குவதும், வெள்ளைபடுதல் திடீரெனக் கூடித் தண்ணீராகவோ சளியாகவோ மாறுவதும் குறைமாத நோவின் முகங்கள்தான். "சூடு பிடிச்சிருக்கு, மல்லித் தண்ணி குடி" என்று இவற்றைத் தள்ளிப்போட்டு எத்தனையோ வீடுகளில் இரவு கழிந்துவிடுகிறது. மல்லித் தண்ணீர் கெடுதி செய்யாது. காத்திருப்பதுதான் கெடுதி.

முன்னர் குறைமாதத்தில் பெற்றவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், இரத்தச்சோகை உள்ளவர்கள், பிரஷர் உள்ளவர்கள், முந்திய பிரசவம் முடிந்து 6 மாதத்துக்குள் மீண்டும் பிள்ளை தங்கியவர்கள், வெத்திலையோடு புகையிலை போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சலம் எரிந்தால், நாற்றம் வந்தால், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் பரிசோதனைக்குக் கொடுங்கள். வெத்திலை, புகையிலையை இன்றே விடலாம். அதற்குக் குளிசை தேவையில்லை.

வைத்தியசாலையில் மகனீசியம்

அங்கே மகனீசியத்துக்கு வேறு வேலை. 32 வாரத்துக்கு முன் பிரசவம் நெருங்கினால், மகனீசியம் சல்பேற்றை நாளத்தில் ஏற்றுவது பிள்ளையின் மூளையைப் பாதுகாக்க. பின்னாளில் மூளை வாதம் (மூளைப் பாதிப்பால் பிள்ளையின் கை கால் அசைவு கெடுகிற நிலை) வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இதைப் பரிந்துரைத்தது. பிரஷர் ஏறி வலிப்பு வரக்கூடிய தாய்க்கும் இதே மருந்துதான் முதல் மருந்து. வழமையாக முதலில் 4 கிராம் மெதுவாக, பிறகு மணித்தியாலத்துக்கு 1 கிராம். இரத்த அளவை இயல்பை விட இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றுகிற அளவு இது, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறவருக்கு வழமையான அளவில் எடுக்கிற குளிசையாலும் சாப்பாட்டாலும் அங்கே போக முடியாது. அவ்வளவு ஏற்றியும் நோவை நிறுத்துவதற்கு இது நல்ல மருந்தாக ஆய்வுகளில் தேறவில்லை. நோவைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடப் பெரும்பாலும் நிபெடிப்பின் என்ற வேறு மருந்தைக் கொடுப்பார்கள்.

தள்ளிப்போடுவது எதற்கு? பிள்ளையின் நுரையீரலை முதிரவைக்கிற ஸ்டீரொயிட் ஊசிக்கு நேரம் கிடைக்க. 34 வாரத்துக்கு முன் அது கொடுக்கப்படும். அந்த வகை ஊசிகளில் ஒன்றான டெக்சாமெதசோன் 6 மில்லிகிராம் என்றால் 12 மணித்தியாலத்துக்கு ஒன்றாக 4 ஊசி. முழுப் பலனுக்கு ஏறக்குறைய 48 மணித்தியாலம் வேண்டும். இரவு 8 மணிக்குத் தொடங்கிய நோவோடு விடியும் வரை வீட்டில் இருந்தால், பிள்ளையின் நுரையீரலுக்குக் கிடைக்கவேண்டிய அந்த நேரத்தில் பத்து மணித்தியாலம் போய்விட்டது.

மகனீசியம் ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவும், முகம் சிவக்கும், குமட்டும். பயப்பட வேண்டாம், மருந்தின் இயல்பு அது. மிஸ்ஸி அடிக்கடி வந்து முழங்காலில் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், சலத்தை அளப்பதும் மருந்து அளவு மீறுகிறதா என்று அறியத்தான். முழங்கால் துள்ளாவிட்டால் முதல் எச்சரிக்கை. அதற்கு மாற்று மருந்தாகக் கல்சியம் குளுக்கோனேற் உண்டு. கூட நிற்பவர்கள் மயக்கம், பேச்சுக் குழறல், மூச்சு மெதுவாதல் கண்டால் உடனே கூப்பிடுங்கள்.

28ஆம் வாரத்திலேயே செய்துவைக்க வேண்டியவை

துணுக்காய், நெடுங்கேணி, முழங்காவில், ஒட்டுசுட்டான் போன்ற இடங்களின் உட்கிராமங்களிலிருந்து பெரிய வைத்தியசாலைக்கு இரவில் போவது பகலில் போவது போல் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் குளங்கள் வான் பாய்ந்தால் சில பாதைகள் அடைபடும். உங்கள் திகதி அந்த மாதங்களில் விழுந்தால், 32ஆம் வாரத்திலிருந்து வைத்தியசாலைக்கு அண்மையில் உள்ள உறவினர் வீட்டில் நிற்க முடியுமா என்று இப்போதே பேசுங்கள்.

குடும்பநல உத்தியோகத்தரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள்: 34 வாரத்துக்கு முன் நோ வந்தால் எந்த வைத்தியசாலைக்குப் போக வேண்டும், குறைமாதப் பிள்ளைக்கான விசேட பிரிவு எங்கே இருக்கிறது? கிட்டிய சிறிய வைத்தியசாலைக்குப் போனாலும் தவறில்லை, அங்கிருந்து அம்புலன்சில் அனுப்புவார்கள். பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும்போது மாற்றுவது, பிறந்த பிறகு மாற்றுவதை விடப் பாதுகாப்பு.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இலக்கத்தைக் கைபேசியில் மட்டுமல்லாமல் கதவுக்குப் பின்னாலும் எழுதுங்கள். வீடு தெரிய ஒரு கோயிலையோ பாடசாலையையோ சந்தியையோ சொல்லிப் பழகுங்கள். இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரர் இருவரின் இலக்கமும் வேண்டும், ஒருவர் எடுக்காவிட்டால் மற்றவர்.

புறப்படும்போது கிளினிக் கொப்பி, ஸ்கான் துண்டுகள், போடுகிற குளிசைகள் அத்தனையும் ஒரே பையில். மகனீசியமோ நெஞ்செரிவுப் பாணியோ எடுத்திருந்தால் அதன் பெட்டியையும் போடுங்கள். வாகனத்தில் இடப்பக்கம் சரிந்து இருத்துங்கள், மோட்டார் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். நோ தொடங்கிய நேரத்தையும், நீர் உடைந்திருந்தால் அந்த நேரத்தையும் நிறத்தையும் ஒரு துண்டில் எழுதி, உள்ளே போனதும் முதலில் வருகிற மிஸ்ஸியின் கையில் கொடுங்கள்.